இரண்டாவது கட்டத்தில் ஒரு டிக்

என் தம்பியும் நானும் பிரிந்துவிட்டோம் என்பதற்கு அரசு முத்திரையும் இரண்டு அதிகாரிகளின் கையெழுத்தும் உள்ள சான்றிதழ் ஒன்று என்னிடம் இருக்கிறது. பச்சைக் கரை போட்ட கெட்டித் தாள். இந்த வட்டாரத்திலேயே இவ்வளவு சுத்தமான பிரிவினையைப் பார்த்ததில்லை என்று அலுவலகத்தில் மெச்சினார்கள். அதை எப்படி வாங்கினோம் என்று தெருவில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். வாயால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எழுதவும் வெட்கம்தான். ஆனால் எழுதும்போது எதிரே யாரும் நின்று முகத்தைப் பார்ப்பதில்லை.

என் பெயர் அசன் மைதீன். திருநெல்வேலிப் பேட்டையில் வீடு, கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் வேலை. தம்பி சல்மான் ஃபாரிஸ் ஐந்து வருடம் வளைகுடாவில், தம்மாமில் இருந்துவிட்டு வந்து லோடு ஆட்டோ ஓட்டுகிறான். வாப்பா கட்டிய வீட்டில் முன்னால் ஒரு கூடம், ஆளுக்கோர் அறை, பின்னால் ஒரே அடுப்படி. என் மனைவி அர்ஷியாவும் தம்பி மனைவி இஷ்ரத்தும் அந்த அடுப்படியில் எட்டு வருடம் சேர்ந்து சமைத்தார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. தம்பிக்கு ஒரே மகள் அர்வா, ஆறு வயது. பெற்றது அவர்கள் என்றாலும் அவள் தூங்குவது எங்கள் அறையில்தான்.

அர்வாவுக்கு இருதயத்தில் ஓட்டை. மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் செய்ய வேண்டும், அரசுக் காப்பீட்டிலேயே செய்துவிடலாம் என்றார் மதுரை டாக்டர். ஆனால் நாங்கள் எல்லோரும் ஒரே குடும்ப அட்டையில் இருந்தோம். என் சம்பளமும் அதில் சேர்ந்ததால் திட்டத்தில் இடமில்லை. தம்பிக்குத் தனி அட்டை வேண்டும். தனி அட்டைக்கு, நாங்கள் தனித்தனிக் குடும்பம் என்று சான்று வேண்டும். அந்தச் சான்றைக் கொடுப்பதற்கென்றே பாளையங்கோட்டையில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் குடும்பப் பிரிவு நிர்ணய அலுவலகம் என்று ஒன்று இருந்தது. அண்ணனும் தம்பியுமாக ஒரே பைக்கில் ஏறிப் போனோம். அதுவே முதல் தப்பு என்று பிறகு தெரிந்தது.

அலுவலகத்தில் இரண்டு மேசைகள். ஒன்றில் நிர்ணய அலுவலர் பெருமாள்ராஜ். பக்கத்து மேசையில் கூடுதல் நிர்ணய அலுவலர் சங்கிலிபூதத்தான். நடுவில் இரண்டு முழம் இடைவெளி. அந்த இடைவெளியில் பிலோமினா என்ற அலுவலக உதவியாளர் நின்றுகொண்டிருந்தார். அதிகாரிகள் இருவரும் பதினோரு வருடமாக ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. மின்விசிறியை யார் பக்கம் திருப்பி வைப்பது என்பதில் ஆரம்பித்ததாம். சொல்ல வேண்டியதைக் குறிப்பாக எழுதி பிலோமினாவிடம் கொடுப்பார்கள். அவர் திரும்பி நின்று அடுத்த மேசையில் வைப்பார். அதற்கு ஒரு பதிவேடும் உண்டு.

விண்ணப்பப் படிவத்தில் பிரிவின் தன்மை என்று போட்டு இரண்டு கட்டங்கள் இருந்தன. முதல் கட்டத்தின் பக்கத்தில் ஒற்றுமையின்மை என்றிருந்தது. இரண்டாவது கட்டத்தின் பக்கத்திலும் ஒற்றுமையின்மை என்றே இருந்தது. ஏதேனும் ஒன்றில் மட்டும் டிக் அடிக்கவும் என்று கீழே எச்சரிக்கை. நான் முதலாவதில் அடித்தேன்.

பெருமாள்ராஜ் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். ஆங்கில இலக்கியம் படித்தவர் என்று அவர் மேசைப் பலகையிலேயே எழுதியிருந்தது.

"பாய், தப்பான கட்டத்துல டிக் போட்டிருக்கியளே."

"ரெண்டுலயும் ஒரே வார்த்ததானே சார் இருக்கு?"

"தமிழ்ல ஒண்ணுதான். இங்கிலீஷ்ல ரெண்டு. மேல உள்ளது டிஸ்யூனிட்டி. கீழ உள்ளது டிஸ்யூனியன். மொழிபெயர்த்தவருக்கு வித்தியாசம் தெரியல. அவரு ஓய்வு பெற்றுப் போயிட்டாரு. நமக்குத் தெரியணும்லா?"

"என்ன வித்தியாசம் சார்?"

இந்தக் கேள்விக்காகவே அவர் அத்தனை வருடம் அந்த நாற்காலியில் காத்திருந்தார் என்று தோன்றியது. எழுந்து நின்று சொன்னார்.

"ஒரே வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு மனசு ஒட்டாம கெடந்தா டிஸ்யூனிட்டி. அது வீட்டுக்கு வீடு உள்ளது. அதுக்கெல்லாம் சர்க்கார் அட்ட கொடுக்க முடியாது. அத்துக்கிட்டுப் போயிட்டா, இனி ஒட்டே கெடயாதுன்னு ஆயிட்டா, அதான் டிஸ்யூனியன். நாங்க கொடுக்கறது அதுக்கு மட்டுந்தான். ஒரு உதாரணம் பாருங்க. அந்தா உக்காந்திருக்காரே, அவருக்கும் எனக்கும் பதினோரு வருசமா பேச்சுவார்த்த கெடயாது. ஆனா ஒரே ஆபீஸு, ஒரே சம்பளப் பட்டியலு. இது டிஸ்யூனிட்டி. சுத்தமான உதாரணம்."

சங்கிலிபூதத்தான் தலை நிமிராமல், "பிலோமினா, என்னய உதாரணமா காட்டுறதுக்கு முன்னால எழுத்துப்பூர்வமா அனுமதி வாங்கணும்னு அவருக்கு ஒரு குறிப்பு போடு," என்றார். பிலோமினா எழுதினார், திரும்பினார், வைத்தார்.

"சார், எங்களுக்கு மனசும் ஒட்டித்தான் இருக்கு, வீடும் ஒண்ணுதான். பிள்ளைக்கு ஆபரேசனுக்காகத்தான் தனி அட்ட," என்றான் சல்மான்.

பெருமாள்ராஜ் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "ஒற்றுமையா இருக்கறவங்களுக்கு இங்கன என்ன வேல தம்பி? இருந்தாலும் வந்துட்டிய. நாங்க யாரையும் கை விடுறதில்ல. ரெண்டாவது கட்டத்துல டிக் போடுங்க. வெள்ளிக்கிழம ஆய்வுக்கு வாரேன்."

படியிறங்கும்போது பிலோமினா பின்னாலேயே வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "அண்ணாச்சி, தனி அடுப்பு இருக்கணும். சுவர்ல கரி இருக்கணும். போன மாசம் ஒரு வீட்டுல சுவரு வெள்ளையா இருக்குன்னு திருப்பிட்டாவ."

மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இன்னொரு கேஸ் அடுப்பை வைத்தோம். கேஸ் அடுப்பில் கரி பிடிக்காது என்று அலுவலகத்தில் யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கும் போய்க் கேட்கத் துணிவில்லை. தம்பி இரண்டு நாள் லீவு போட்டு, சிரட்டையை எரித்துச் சுவரைக் கரியாக்கினான். புகை பிள்ளைக்கு ஆகாது என்று அர்ஷியா அர்வாவைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். தம்பி இறங்கி வந்தபோது பல் மட்டும்தான் வெள்ளையாக இருந்தது. இஷ்ரத்துக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டது. பிரிந்துபோகிற குடும்பத்தில் அவ்வளவு சிரிப்பு நடந்திருக்கக் கூடாதுதான்.

வெள்ளிக்கிழமை பெருமாள்ராஜ் வந்தார். சுவரில் விரலைத் தேய்த்து, விரலை வெளிச்சத்தில் பார்த்து, திருப்தியாகக் குறித்துக்கொண்டார். பிறகு இரண்டு அடுப்படியிலும் ஆணத்தை ஒவ்வொரு கரண்டி வாங்கி ருசி பார்த்தார். கீழே ஒரு தடவை, மாடியில் ஒரு தடவை, மறுபடி கீழே வந்து ஒரு தடவை.

"ரெண்டு குழம்பும் ஒரே ருசியால்லா இருக்கு? மசாலா யாரு அரச்சது?"

"மைனிதான்," என்று அர்ஷியாவைக் காட்டிச் சொல்லிவிட்டு இஷ்ரத் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதையும் அவர் குறித்துக்கொண்டார்.

அதோடு போயிருந்தால்கூடத் தப்பித்திருப்போம். ஆனால் ஜும்ஆ முடிந்து நாங்கள் பள்ளிவாசலிலிருந்து வரும்வரை அவர் கூடத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்தவரை வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிடாமல் அனுப்புகிற பழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அவர் எதற்கு வந்தவர் என்பது அந்த நேரத்தில் எல்லோருக்கும் மறந்துவிட்டது. அர்ஷியா பாய் விரித்தாள். அதிகாரிக்கு வாழை இலை போட்டாள். நடுவில் சகனை வைத்தாள். சகன் என்றால் இரண்டு மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தட்டு. வாப்பா இருந்தபோது மூன்று பேர். இப்போது நாங்கள் இரண்டு பேர். தம்பி கை கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தான். நான் பிஸ்மி சொல்லிக் கை வைத்தேன். மீனில் வயிற்றுத் துண்டு அவனுக்குப் பிடிக்கும் என்பதால் எப்போதும்போல அவன் பக்கம் தள்ளிவிட்டேன்.

பெருமாள்ராஜ் கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்தார்.

"பாய், எந்திரிக்காதிய. கைய எடுக்காதிய. அப்படியே இருங்க."

செல்போனை எடுத்து இரண்டு பக்கத்திலிருந்தும் படம் பிடித்தார். அதன் பிறகு வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. சுவரில் கரி உண்டு. குழம்பு இரண்டானாலும் ருசி ஒன்று. உண்கலம் ஒன்று. மனுதாரரால் ஒரு மீன் துண்டு எதிர்மனுதாரரின் பக்கம் நகர்த்தப்பட்டது நேரில் காணப்பட்டது. ஆகவே பிரிவு நிரூபணமாகவில்லை. அதன் அடியில் சங்கிலிபூதத்தானின் குறிப்பு வேறு: நகர்த்தப்பட்ட துண்டு தலையா வாலா என்று ஆய்வு அலுவலர் குறிப்பிடத் தவறியுள்ளார், நல்ல துண்டானால் பாசம், வாலானால் அவமதிப்பு, விளக்கம் பெற்ற பின்பே கோப்பை முடிக்க இயலும்.

வயிற்றுத் துண்டு என்று நான் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாள் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போய்த் திரும்பப் பதினாறு நாள் ஆனது. அந்தப் பதினாறு நாளில் அர்வாவுக்கு மாடிப்படி ஏறினால் உதடு நீலமாக ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டாம் என்றார் டாக்டர். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிற வண்டிகளை எண்ணிக்கொண்டிருப்பாள். ராத்திரி எங்கள் அறையில் அவள் மூச்சு இழுத்து இழுத்து வரும். நான் விழித்தே கிடப்பேன்.

மறு ஆய்வுக்கு மனுப் போட்டோம். இந்த முறை அண்டை வீட்டார் ஒருவரின் சாட்சிக் கடிதம் வேண்டும் என்றார்கள். பக்கத்து வீட்டு அலி அக்பர் தொழுகையாளி. விஷயத்தைச் சொன்னதும் காதைப் பொத்திக்கொண்டார்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரு நாளாவது சத்தமா பேசி நான் கேட்டதில்ல. பொய்ச் சாட்சி சொல்லி நாளைக்கு அல்லாட்ட என்ன பதில் சொல்லுவேன்?"

சல்மான் விடவில்லை. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். "ஒண்ணு செய்யுங்க. நாளைக்கு அஸர் தொழுக முடிஞ்சி தெருவுல நின்னு சண்ட போடுங்க. நான் கண்ணால பாத்துட்டு உண்மைய எழுதுதேன்."

அப்படியே சண்டை போட்டோம். கிழிக்கத் தோதாக அர்ஷியா எனக்கு ஒரு பழைய சட்டையை எடுத்துத் தந்தாள். தம்பி என் காலரைப் பிடித்து, "ஏலே மைதீன்" என்று ஆரம்பித்தான். அண்ணனை எங்கள் பக்கம் காக்கா என்போம்; பிறந்ததிலிருந்து என்னை அப்படி மட்டுமே கூப்பிட்டவன். சொன்ன உடனே அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை மறைக்க என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சட்டையைக் கிழித்தான். தெருவே கூடிவிட்டது. ஜன்னலில் அர்வா கை தட்டினாள். அலி அக்பர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார்.

இரண்டாவது ஆய்வுக்கு அதிகாரிகள் இருவருமே வந்தார்கள், ஆளுக்கோர் ஆட்டோவில். பிலோமினாவும் வந்தார், இருவருக்கும் நடுவில் நிற்பதற்கு. டாக்டர் சொன்ன மூன்று மாதத்தில் அன்றைக்குப் பன்னிரண்டு நாள்தான் மிச்சம். அர்ஷியாவும் அர்வாவும் உள்ளறையில் இருந்தார்கள். பெருமாள்ராஜ் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்துக் கூடத்தின் நடுவே குறுக்காகக் கோடு போட்டார். நான் ஒரு பக்கம், சல்மானும் இஷ்ரத்தும் மறுபக்கம். பிறகு கேள்விப் பட்டியலை வாசித்தார்.

"அவங்க வீட்டு விசேசத்துக்குப் போவியளா?"

"போவ மாட்டேன்."

"பெருநாளைக்கு ஸலாம் சொல்லுவியளா?"

"மாட்டேன்."

"அவரு மௌத்தாயிட்டா சந்தூக்குக்குத் தோள் கொடுப்பியளா?"

தம்பி செத்தால் தூக்கிப் போவேனா என்பது ஒத்திகையில் இல்லாத கேள்வி. நான் கொஞ்சம் தாமதித்துத்தான் சொன்னேன். "மாட்டேன்."

இஷ்ரத் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சங்கிலிபூதத்தான் உதட்டைப் பிதுக்கினார். "பிலோமினா, குரல்ல உணர்ச்சி இல்ல, ஒப்பிக்கிறாருன்னு குறிச்சிக்கோ. இது டிஸ்யூனியனும் இல்ல, டிஸ்யூனிட்டியும் இல்ல. சும்மா நாடகம்."

"நாடகம்னு நான் வாசல்லயே நெனச்சேன்னு அவருகிட்ட சொல்லு," என்ற பெருமாள்ராஜ் கோப்பைக் கட்ட ஆரம்பித்தார். "வருத்தமாத்தான் இருக்கு பாய். எங்களுக்கும் மேல பதில் சொல்லணும்லா? அடுத்த ஆய்வு ரெண்டு மாசம் கழிச்சி."

இரண்டு மாதம். சல்மான் கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்தான். எதையாவது செய்யுங்கள் என்று அவன் கண் கெஞ்சியது. அதற்குப் பிறகு நடந்ததற்கு அவன் கெஞ்சியதுதான் காரணம் என்று சில நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது சரிப்படவில்லை.

"ஏலே," என்று ஆரம்பித்தேன். "எட்டு வருசமா உன்னயச் சுமக்கேன்லே." இது ஒத்திகையில் இருந்தது. "தம்மாம்ல இருந்து வெறுங்கையோட வந்து நின்ன." இதுவும் இருந்தது. அதற்குப் பிறகு சொன்னது இல்லை.

"எனக்குன்னு ஒரு பிள்ள இல்ல. உன் நோய்ப் பிள்ளைய வச்சிக்கிட்டு நான் என்னலே செய்ய? ராத்திரி பூரா அது மூச்சு வாங்குறதக் கேட்டுக் கேட்டு வெறுத்துப் போச்சு. நிம்மதியா தூங்கி எத்தன மாசம் ஆவுது தெரியுமா? போதும்லே. எடுத்துட்டுப் போ."

எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது என்று சொன்னால் பொய். எனக்குத் தெரியும். விழித்துக் கிடந்த அத்தனை ராத்திரியும் பிள்ளைக்காக துஆ கேட்டேன். நடு நடுவே இதையும் நினைத்தேன். நினைத்துவிட்டு, அல்லாவிடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்திருக்கிறேன். யாருக்கும் தெரியாது என்றிருந்தேன்.

சல்மான் பதில் வசனத்தை மறந்துவிட்டான். என் முகத்தையே பார்த்தான். நாடகமா இல்லையா என்று அவன் தேடுவது தெரிந்தது. நான் பார்வையை மாற்றிக்கொண்டேன். மாற்றிய இடத்தில், உள்ளறை வாசலில், அர்ஷியாவின் கையைப் பிடித்துக்கொண்டு அர்வா நின்றாள்.

"சரி காக்கா," என்றான் சல்மான். அவ்வளவுதான் சொன்னான்.

பிறகு சங்கிலிபூதத்தான் பதினோரு வருடத்தில் முதல் தடவையாகப் பெருமாள்ராஜின் பக்கம் நேரே திரும்பினார்.

"சார், ரெண்டாவது கட்டம்தானே?"

"ரெண்டாவதுதான் சார். இதுல என்ன சந்தேகம்? இப்படி ஒரு டிஸ்யூனியன என் சர்வீஸ்லயே பாத்ததில்ல."

"அந்தத் தம்பி ஒரு வார்த்த பதில் பேசல பாத்தியளா? அதுதான் சார் முத்திர."

"கரெக்டா சொன்னிய சார்."

இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள். பிலோமினா எழுதிய குறிப்புத் தாளை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நடுவில் நின்றார். போகும்போது அதிகாரிகள் ஒரே ஆட்டோவில் போனார்கள்.

சான்றிதழை மூன்றே நாளில் கொடுத்துவிட்டார்கள். கொடுப்பதற்கு ஒரு சிறு விழாவும் வைத்தார்கள். மேசை இரண்டையும் ஒட்டிப் போட்டிருந்தார்கள். பெருமாள்ராஜ் பேசினார்.

"இந்த அலுவலகத்துக்கு வருபவர்களில் பாதிப் பேர் ஒற்றுமையாகத்தான் வருகிறார்கள். ஒரே பைக்கில் வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அறியாமை. அவர்களைத் திருத்தி, பிரித்து, முறைப்படி அனுப்பி வைப்பதுதான் நமது சேவை. மைதீன் பாய் சகோதரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் முதலில் போனபோது ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊழியர்களின் இடைவிடாத உழைப்பால் இன்றைக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டேன் என்கிறார்கள். இதைவிட ஒரு அலுவலகத்துக்கு என்ன பெருமை வேண்டும்? இதில் எனது அருமை நண்பர் சங்கிலிபூதத்தான் அவர்களின் பங்கு பெரிது."

கை தட்டினார்கள். சல்மான் அதிகாரிகளுக்கு வணக்கம் சொல்லித் தாளை வாங்கிக்கொண்டு, என்னைக் கடந்து படியிறங்கிப் போனான். பஸ்ஸில் வந்திருக்கிறான். நான் பைக்கில் தனியாகத் திரும்பினேன்.

அட்டை வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. அர்ஷியாவை மட்டும் மதுரைக்கு அழைத்துப் போனார்கள். நான் மறுநாள் போய் வராந்தாவில் நின்றேன். இஷ்ரத் வந்து டீ வாங்கிக் கொடுத்தாள், பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று சொன்னாள், உள்ளே வாருங்கள் என்று மட்டும் சொல்லவில்லை. ஊருக்கு வந்த பிறகு சல்மான் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வாடகை வீடு பிடித்தான். வீடு மாறச் சொல்லி அலுவலகம் கேட்கவில்லை. அப்படி ஒரு விதியும் இல்லை.

நான் அவனிடம் போய், அது நாடகம் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை தெருமுனை வரை போனேன். நாடகம் என்று சொன்னால் அதுவும் பொய், நாடகம் இல்லை என்று சொல்லவும் நாக்கு வராது. வீட்டில் அர்ஷியா என்னோடு சண்டை போடவில்லை. சோறு போட்டாள், சட்டை துவைத்தாள். அர்வாவின் தலையணையை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். எனக்கு வெட்கம் என்றால் வெளியில் நாலு பேருக்கு முன்னால் வருவது என்றுதான் அதுவரை நினைப்பு. ஆளில்லாத வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும்போதும் முகம் எரியும் என்று அப்போதுதான் தெரிந்தது.

மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பாளையங்கோட்டைக்குப் போனேன். அதிகாரிகள் இருவரும் ஒரே டிபன் பாக்ஸில் தக்காளிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சார், எங்க சான்றிதழ ரத்து பண்ணணும்."

பெருமாள்ராஜுக்குப் புரை ஏறிவிட்டது. சங்கிலிபூதத்தான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

"ரத்தா? இது பிரிக்கிற ஆபீஸு பாய். சேத்து வைக்கிறதுக்கு இங்கன ஃபாரமே கெடயாது."

"சேத்து வைக்க வேண்டாம் சார். முதல் கட்டத்துக்காவது மாத்திக் கொடுங்க. மனசு ஒட்டலன்னாலும் ஒரே வீட்டுல இருந்தா போதும். அவன் என்னய ஏசிக்கிட்டே இருக்கட்டும். எனக்கு டிஸ்யூனிட்டி போதும் சார்."

அவர் முகம் மலர்ந்தது. "பாருங்க சார், பாய்க்கு வித்தியாசம் புரிஞ்சிட்டு! எம்.ஏ. படிச்சவனுக்கே புரியாது," என்று நண்பரிடம் சொன்னார். பிறகு என்னிடம், "உங்க ஆர்வம் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா கட்டத்த மாத்துறதுக்கு ரெண்டு பார்ட்டியும் கையெழுத்துப் போட்டுக் கேக்கணும்," என்றார். பிலோமினாதான் ஒரு வெள்ளைத் தாளில் மனுவை எழுதிக் கொடுத்தார். எழுதும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு எங்கள் கூடத்தில் அவரும் நின்றவர்தானே.

தாளோடு ரயில்வே கேட்டைத் தாண்டிப் போனேன். சல்மான் வாசலில் லோடு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றான். ஸலாம் சொன்னான். உட்காரச் சொல்லி ஸ்டூலை எடுத்துப் போட்டான். குறையொன்றும் சொல்ல முடியாத மரியாதை. வீட்டுக்கு வந்த சுகாதார ஆய்வாளரையும் அப்படித்தான் வரவேற்றிருப்பான்.

"ஒரு கையெழுத்து வேணும்லே," என்றேன். என்ன ஏது என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"பரவால்ல காக்கா, எங்கன போடணும்னு மட்டும் சொல்லுங்க," என்றான். வாசிக்கவில்லை. வண்டியின் முன்பக்கத்தில் தாளை வைத்து, நான் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

அப்போது அர்வா வெளியே வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். உதடு சிவப்பாக இருந்தது. சட்டைக் கழுத்துக்கு மேலே தழும்பின் நுனி தெரிந்தது. படியில் நின்றுகொண்டே என்னைப் பார்த்தாள்.

"பெரியவாப்பா, எனக்கு இப்ப மூச்சு வாங்காது. டாக்டரு சொல்லிட்டாரு. ராத்திரி சத்தமே வராது. உம்மாகிட்ட வேணா கேளுங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள். "இனி நான் அங்கன வரலாமா?"

நான் அவளைத் தூக்கக் குனிந்தேன். அவள் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"மொதல்ல சொல்லுங்க."

"வாம்மா," என்றேன். குரல் சரியாக வரவில்லை. அதிகாரி பக்கத்தில் நின்றிருந்தால் உணர்ச்சி போதவில்லை என்று எழுதியிருப்பார். இன்னொரு தடவை சொன்னேன். அதற்குப் பிறகும் சொன்னேன். அவள் நான் சொல்வதைக் கவனமாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, அதை நம்பலாமா என்று தெரிந்துகொள்ள, தன் வாப்பாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.